'என்றார்' வேறு, 'சொன்னார்' வேறு

வாசகி ஒருவரின் கடிதம்:

"வணக்கம் சார். எனக்கு வயது 29. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் உதவி மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழிப் படிப்பு, அப்புறம் பி.காம். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்புவது என் வேலையில் பாதி. ஸே, டெல், ஸ்பீக், டாக் நான்குக்கும் அகராதியில் 'சொல், பேசு' என்றுதான் போட்டிருக்கிறது. ஸீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் 'பார்'. எதை எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போடுகிறேன். போன வாரம் நான் அனுப்பிய ஒரு மெயிலுக்கு பையரிடமிருந்து 'நோட்டட்' (குறித்துக்கொண்டேன்) என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. எங்கள் சீனியர் என் மெயிலைப் படித்துவிட்டு, 'பையரையே அதட்டியிருக்கிறாயே' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மரியாதையாகத்தான் எழுதினேன் சார். அந்த மெயில் இதுதான்:

'டியர் சார், ஐ டோல்ட் யூ டு ஸெண்ட் த கலர் கமென்ட்ஸ். ஐ ஹேவ் எ டவுட் இன் த சைஸ் சார்ட். அவர் க்யூசி ஸெட் மீ தட் த காலர் இஸ் நாட் ஸேம். ப்ளீஸ் ஸீ அண்ட் டெல். ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை டுடே.'

இந்தச் சொற்களுக்கெல்லாம் சரியான அர்த்தம் எழுதி ஒரு பட்டியல் கொடுத்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றி. உங்கள் சீனியர் சொன்னது சரி, சிரித்தவர்கள் செய்தது தவறு. அந்த மெயில் அதட்டலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் எழுதியவருக்கு அதட்டும் எண்ணம் துளியும் இல்லை என்பது தமிழ் தெரிந்த யாருக்கும் படித்தவுடனே புரியும். அதன் ஒவ்வொரு வரிக்கு அடியிலும் ஒரு நல்ல தமிழ் வாக்கியம் கிடக்கிறது. 'கலர் கமென்ட்ஸ் அனுப்பச் சொல்லியிருந்தேன். சைஸ் சார்ட்டில் ஒரு சந்தேகம். காலர் அளவு ஒத்துவரவில்லை என்று எங்கள் க்யூசி (தரம் சோதிப்பவர்) என்னிடம் சொன்னார். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இன்றைக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.' இதில் எந்த வரியிலும் மரியாதைக் குறைவு இல்லை. தமிழில் இருந்த பணிவு ஆங்கிலத்துக்குப் போகிற வழியில் கொட்டிப்போயிருக்கிறது. எந்தெந்த இடத்தில் கொட்டியது என்று பார்த்துவிடலாம்.

நீங்கள் கேட்ட பட்டியலை மட்டும் நான் தரமாட்டேன். கோவையில் 22 வருடமாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் நோட்டு நிறையச் சொற்பட்டியலோடுதான் வருகிறார்கள். 'டெல் என்றால் சொல்' என்று அந்த நோட்டில் இருக்கும் ஒரு வரிதான் உங்கள் மெயிலையும் கெடுத்தது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது சொல்லாமல் விட்டதுதான் அதிகம்.

ஒரு வெள்ளைக்காரர் தமிழ் கற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நாம், நாங்கள் இரண்டுக்கும் அகராதியில் வீ என்றுதான் இருக்கிறது, என்ன வித்தியாசம்?' என்று உங்களிடம் கேட்கிறார். நீங்கள் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள். 'கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள்' என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள். அதாவது, அந்தச் சொல்லுக்குள் யார் யார் நிற்கிறார்கள் என்று காட்டுவீர்கள். ஸே, டெல் சமாச்சாரமும் அதேதான். யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

டெல் என்ற சொல்லுக்குள் கேட்கிறவர் நின்றுகொண்டிருக்கிறார். ஸே என்ற சொல்லுக்குள் வார்த்தைதான் நிற்கிறது, கேட்கிறவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. தமிழில் இந்த வித்தியாசம் இல்லை என்று நினைக்கிறீர்கள். நன்றாகவே இருக்கிறது. 'நாளைக்கு வருகிறேன் என்றார்.' இதில் அவருடைய வார்த்தை இருக்கிறது, யாரிடம் என்பது இல்லை. இந்த 'என்றார்' ஆங்கிலத்தில் ஸெட். 'நாளைக்கு வருவதாக என்னிடம் சொன்னார்.' இங்கே நான் வந்துவிட்டேன். இந்த 'என்னிடம் சொன்னார்' ஆங்கிலத்தில் டோல்ட் மீ. அகராதியில் 'சொல்' என்ற ஒரே சொல்லைப் பார்ப்பதால்தான் குழப்பம். முழுத் தமிழ் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தால் உங்கள் காதே பிரித்துக் கொடுத்துவிடும்.

ஆகவே மூன்றாவது வரியில் இருக்கும் 'ஸெட் மீ' நிற்காது. ஸே என்ற சொல் ஆளை நேராகத் தொடாது. ஆள் வந்தால் டெல்: 'அவர் க்யூசி டோல்ட் மீ தட்...' இல்லையென்றால் ஆளையே விட்டுவிடுங்கள்: 'அவர் க்யூசி ஸெட் தட்...' 'ஸெட் டு மீ' என்றும் எழுதலாம், இலக்கணப்படி சரிதான். ஆனால் அலுவலக மெயிலில் அது அவ்வளவாக வராது. யாராவது சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக் காட்டும்போதுதான் இயல்பாக இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை ஒன்றும் நம்மிடம் உண்டு. 'டெல் டு மீ' என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. தமிழில் 'எனக்கு' என்றோ 'என்னிடம்' என்றோ ஒரு வேற்றுமை உருபு ஒட்டாமல் சொல்லவே முடியாது. அந்த உருபுக்கு ஈடாகத்தான் நம் கை தானாக ஒரு 'டு' போடுகிறது. டெல் என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே ஆள் நிற்கிறார், அவரைக் கூட்டிவர 'டு' வேண்டாம். இதே காரணத்தால்தான் 'டிஸ்கஸ் அபௌட்' என்றும் எழுதுகிறோம். 'அதைப் பற்றி' என்பதில் இருக்கும் 'பற்றி' உள்ளே நுழைந்துவிடுகிறது. டிஸ்கஸ் என்றாலே அதைப் பற்றிப் பேசுவதுதான், அபௌட் தேவையில்லை. எக்ஸ்ப்ளெயின் மட்டும் நம் தமிழ் போலவே நடக்கும், அதற்கு 'டு' கட்டாயம்: 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ.'

ஆள் இல்லாமல் டெல் வரும் சில இடங்களும் இருக்கின்றன. உண்மையைச் சொல்வது 'டெல் த ட்ரூத்', பொய் சொல்வது 'டெல் எ லை', கதை சொல்வது 'டெல் எ ஸ்டோரி', மணி பார்த்துச் சொல்வது 'டெல் த டைம்'. இது என்ன விதிவிலக்கு என்று மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த இடம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எண்ணுவது என்ற பொருளும் இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணி வரிசையாக வைப்பதும், நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதும் ஒரே வேலையாகப் பார்க்கப்பட்டன. அந்தப் பழைய பொருள் இன்றும் உங்கள் கைப்பையில் இருக்கிறது. ஏடிஎம் என்பதன் நடு எழுத்து டெல்லர், அதாவது பணத்தை எண்ணிக் கொடுப்பவர். சாயப்பட்டறையிலிருந்து வந்த இரண்டு லேப் டிப்பை (சாயம் தோய்த்த மாதிரித் துணியை) வைத்துக்கொண்டு 'ஐ காண்ட் டெல் த டிஃபரன்ஸ்' என்று பையர் எழுதினால், அவர் சொல்ல மறுக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பிரித்து எண்ண முடியவில்லை என்கிறார். உங்கள் தொழிலில் இந்த வாக்கியம் அடிக்கடி வரும்.

எழுதி ஒட்டியிருப்பதெல்லாம் ஸே. லேபிளில் காட்டன் என்று இருந்தால் 'த லேபிள் ஸெஸ் காட்டன்'. கடிகாரம், பலகை, மெயில், ரிப்போர்ட் எல்லாமே ஸே செய்யும். உச்சரிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஸே என்பது நீளும். ஆனால் அதன் பிள்ளைகள் இரண்டும் குட்டை: ஸெஸ், ஸெட். ஸேஸ், ஸெய்ட் என்று இழுத்துச் சொல்லும் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே பலருக்கும் வந்துவிடுகிறது.

சரி, உங்கள் மெயிலின் முதல் வரிக்கு வருவோம். 'நோட்டட்' என்ற பதிலை வரவழைத்தது பெரும்பாலும் இந்த வரிதான்.

'ஐ டோல்ட் யூ டு ஸெண்ட்.' தமிழில் 'அனுப்பச் சொன்னேன்' என்பதை நாம் யாரைப் பற்றியும் சொல்வோம். 'டாக்டரைக் கொஞ்சம் வந்து பார்க்கச் சொன்னேன்', 'மாமாவைச் சாப்பிட்டுப் போகச் சொன்னேன்.' இதில் ஏவல் வாசனையே கிடையாது. 'செய்யச் சொல்' என்ற நம் சொற்சேர்க்கைக்குள் வேண்டுகோள், அழைப்பு, கட்டளை எல்லாமே அடங்கும். குரலும் உறவும் எது என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் டெல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஆளும் அதற்குப் பின்னால் 'டு' போட்ட வினையும் வந்துவிட்டால் அது கட்டளை. அம்மா பிள்ளையிடம் சொல்வது, சூப்பர்வைசர் ஹெல்பரிடம் சொல்வது. அதையே இறந்தகாலத்தில் 'ஐ டோல்ட் யூ டு' என்று முன்னிலையில் இருப்பவரிடம் எழுதினால், 'நான் சொல்லியும் நீ செய்யவில்லை' என்ற கண்டிப்பும் ஏறிக்கொள்ளும். ஆர்டர் கொடுக்கும் பையர் இதைப் படித்தபோது முகம் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொல் ஆஸ்க். 'ஆஸ்க்' என்றால் கேள்வி கேட்பது என்று மட்டும் நம் நோட்டில் இருப்பதால் அது கைக்கு வருவதில்லை. 'டாக்டரை வந்து பார்க்கச் சொன்னேன்' என்பது 'ஐ ஆஸ்க்ட் த டாக்டர் டு கம்'. டோல்ட் போட்டால் டாக்டருக்கு உத்தரவு போட்டதாகிவிடும். ஆகவே, ஒரு வேலையைச் செய்யும்படி 'சொல்லும்' இடங்களில், எதிரே இருப்பவர் உங்கள் அதிகாரத்துக்குக் கீழே இல்லையென்றால் ஆஸ்க் போடுங்கள். கீழே இருப்பவருக்கும் ஆஸ்க் போட்டால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

சொல்லுக்குள் உயர்வு தாழ்வு இருப்பது நமக்குப் புதிதில்லை. 'எனக்குத் தா' என்று கேட்பதற்குத் தொல்காப்பியம் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறது. தாழ்ந்தவன் கேட்டால் ஈ, சமமானவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. மூன்றுக்கும் அகராதியில் ஒரே பொருள்தான் இருக்கும். உங்கள் மெயிலில் 'தா' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'கொடு' விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஸ்பீக், டாக் இரண்டையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'பேசினார்' என்று தமிழில் சொல்லிவிட்டு, அடுத்து 'பேசிக்கொண்டிருந்தோம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். இரண்டாவதில் பேச்சு போய்ப்போய் வருகிறது. ஸ்பீக் முதல் வகை, டாக் இரண்டாவது. கோயில் திருவிழாவில் கட்டுவது லவுட்ஸ்பீக்கர், செல்போனில் ரீசார்ஜ் செய்தால் வருவது டாக்டைம். இரண்டும் உங்கள் வாயில் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கின்றன. சட்டசபையில் சபாநாயகரை ஸ்பீக்கர் என்கிறார்களே, விவாதத்தில் அவர் கட்சி எடுத்துப் பேசக்கூடாதே என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. இங்கிலாந்தில் மக்கள் சபையின் சார்பாக அரசரிடம் போய்ப் பேசுகிறவர் என்பதால் வந்த பெயர் அது. 1377லேயே அந்தப் பட்டம் பதிவாகியிருக்கிறது. எல்லோருக்குமாக ஒருவர் பேசுவது, ஆகவே ஸ்பீக்.

மொழி என்று வந்தால் எப்போதும் ஸ்பீக்தான். 'ஐ ஸ்பீக் டமில்.' டாக் இங்கே வராது. போனில் ஒருவரைக் கேட்கும்போது 'மே ஐ ஸ்பீக் டு' என்று தொடங்குவது மரியாதை. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 'வீ நீட் டு டாக்' என்று பையரிடமிருந்து வந்தால் அரட்டைக்குக் கூப்பிடவில்லை, ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது. உடனே சீனியரிடம் காட்டுங்கள்.

இனி 'பார்'. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் நாம் எவ்வளவு காரியம் செய்கிறோம்! வேலை பார்க்கிறோம், மாப்பிள்ளை பார்க்கிறோம், ருசி பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், ஜுரம் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை. அதனால் உங்கள் மனத்தில் 'பார்' என்று வந்தவுடன் ஸீயை எடுக்காதீர்கள். கண்ணுக்கு என்ன வேலை என்று கேளுங்கள்.

'ரேக்கில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.' இந்த வாக்கியத்தை நீங்கள் வாரம் ஒரு முறையாவது சொல்வீர்கள். இதில் 'பார்த்தேன்' என்பது லுக், 'தெரிந்தது' என்பது ஸீ. கண்ணைத் திருப்பியது நான், அது லுக். கண்ணில் பட்டது தானாக, அது ஸீ. 'ஐ லுக்ட், பட் ஐ டிடின்ட் ஸீ எனிதிங்.' தமிழில் 'எனக்குத் தெரிகிறது' என்று நான்காம் வேற்றுமை போடுகிறோமே, அந்த 'எனக்கு' உட்காரும் இடமெல்லாம் பெரும்பாலும் ஸீயின் இடம். லுக் என்றால் 'நான்'. கண்ணைத் திருப்புவதென்றால் எதன் பக்கம் என்று கேள்வி வரும், அதனால்தான் பொருளைச் சொல்லும்போது லுக் கூடவே 'அட்' வருகிறது. ஸீ கூட வருவதில்லை.

வாட்ச் என்பதற்கு வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டைப் பார்ப்பவர் மட்டும் இல்லை, ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்துக்கொண்டே இருப்பவர். விழித்திருப்பதைக் குறிக்கும் வேக் என்ற சொல்லும் வாட்சும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே அசைகிற, மாறுகிற ஒன்றைத் தொடர்ந்து கவனித்தால் வாட்ச்: கிரிக்கெட், டிவி, அடுப்பில் பால். 'பார்த்துப் போ' என்று நாம் சொல்வதும் வாட்ச் குடும்பத்தில்தான் சேரும். சினிமாவுக்கு மட்டும் ஸீ, வாட்ச் இரண்டுமே வரும். தியேட்டருக்குப் போய்ப் பார்த்ததென்றால் ஸீ என்பதே இயல்பு, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது வாட்ச். டாக்டரைப் பார்ப்பது, வக்கீலைப் பார்ப்பது இரண்டும் ஸீ.

காதுக்கும் இதே கணக்கு. நம் தமிழ் இதை இன்னும் அழகாக வைத்திருக்கிறது. 'காதில் விழுந்தது' என்றால் ஹியர், 'காது கொடுத்துக் கேட்டேன்' என்றால் லிஸன். விழுவது நம் கையில் இல்லை, கொடுப்பது நம் கையில் இருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

உங்கள் மெயிலில் இருக்கும் 'ப்ளீஸ் ஸீ அண்ட் டெல்' என்ற வரியை இப்போது நீங்களே திருத்திவிடுவீர்கள். பையர் கண்ணில் படவேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, சரிபார்க்க வேண்டும் என்கிறீர்கள். அது செக். 'சொல்லுங்கள்' என்பதற்கு வெறும் டெல் போட்டால் ஆள் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். 'டெல் மீ' என்று ஆளைச் சேர்த்தால் இலக்கணம் சரியாகும், ஆனால் மெயிலில் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். இங்கே எல்லோரும் எழுதுவது 'லெட் மீ நோ'. எனக்குத் தெரியட்டும் என்று கேட்கும் விதம் அது. 'ப்ளீஸ் செக் அண்ட் லெட் மீ நோ.' இந்த ஒரு வரியை நாளைக்கே பயன்படுத்தத் தொடங்குங்கள்.

டவுட் என்ற சொல் உங்கள் தவறே இல்லை. நம் ஊர் வகுப்பறைகளில் 'டவுட் கேட்பது' என்றால் புரியாததைக் கேட்பதுதான். 'சந்தேகம்' என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புரியாமை, நம்பாமை என்று இரண்டு பொருளும் இருப்பதால் ஆங்கிலச் சொல்லுக்கும் நாம் இரண்டையும் ஏற்றிவிட்டோம். நமக்குள் எழுதிக்கொள்ளும்போது அது யாருக்கும் இடிக்காது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்கு டவுட் என்றால் நம்பிக்கையின்மை. 'உங்கள் சைஸ் சார்ட் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று அவர் படித்திருப்பார். அங்கே க்வெஸ்சன் என்று எழுதுங்கள்: 'ஐ ஹேவ் எ க்வெஸ்சன் அபௌட் த சைஸ் சார்ட்.'

எக்ஸ்பெக்ட் என்பதும் அதே மாதிரிதான். 'எதிர்பார்க்கிறேன்' என்பதில் நமக்கு ஆசையும் காத்திருப்பும் கலந்திருக்கும். ஆங்கிலத்தில் எக்ஸ்பெக்ட், வந்தே தீரவேண்டும் என்ற உரிமைக் குரல். மேலிடம் கீழிடத்துக்கு எழுதுவது. ஆசைப் பக்கத்துக்கு ஹோப் இருக்கிறது. கூடவே ஒரு காரணத்தையும் வைத்துவிட்டால் அவசரமும் தெரியும், பணிவும் கெடாது. கடைசி வரிக்கு வழக்கமாக எழுதும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்ற தொடரில் ஒரு எச்சரிக்கை: அதற்குப் பின்னால் 'ஹியரிங்' வரும், 'ஹியர்' வராது. 'டு' என்று பார்த்தவுடன் வெறும் வினையைப் போடும் பழக்கத்தால் நிறையப் பேர் இங்கே வழுக்குகிறார்கள்.

இனிமேல் எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். நோட்டில் சொல்லும் அர்த்தமும் எதிரெதிரே எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு ஆங்கில வாக்கியம், அதற்குக் கீழே வீட்டில் நீங்கள் பேசுவது போலவே ஒரு தமிழ் வாக்கியம். அவ்வளவுதான். 'காதில் விழுந்தது', 'என்னிடம் சொன்னார்', 'பார்த்தேன், தெரியவில்லை' என்று எழுதிவைத்தால் அது மறக்காது. வாக்கியங்களுக்கு எங்கேயும் அலைய வேண்டாம், உங்கள் இன்பாக்ஸிலேயே இருக்கின்றன. உங்கள் பையர் அனுப்பிய பழைய மெயில் இருபதை எடுத்து, ஸே, டெல், ஆஸ்க் வரும் இடங்களில் கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஆள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும். அவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராக இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அவருடைய மெயிலிலும் பிழை இருக்கும், அதையும் கண்டுபிடிப்பீர்கள்.

அகராதியையும் மாற்றுங்கள். ஆங்கிலம்-தமிழ் அகராதி வீட்டில் இருக்கட்டும், அதோடு கற்பவர்களுக்கென்றே எழுதிய லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஒன்றும் வேண்டும். அந்த வகை அகராதியே நம் மாதிரி ஆட்களுக்காகப் பிறந்ததுதான். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்தியபோது, மாணவர்களுக்கு அர்த்தம் தெரிந்தும் வாக்கியம் அமையவில்லை என்பதைப் பார்த்து, ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன வரும் என்று காட்டும் அகராதியைச் சக ஆசிரியர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அது 1942ல் டோக்கியோவில் அச்சானது. 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. அதன் வாரிசுகள் இன்று செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் டெல் என்று தேடினால், அர்த்தத்துக்கு முன்னால் 'எஸ் பி', 'எஸ் டி ஹெச்' என்று சின்ன எழுத்தில் ஏதோ இருக்கும். எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 'எஸ் பி' என்றால் ஸம்படி, யாரோ ஒருவர். 'எஸ் டி ஹெச்' என்றால் ஸம்திங், ஏதோ ஒன்று. டெல்லுக்குப் பின்னால் 'எஸ் பி' இருக்கும், ஸேக்குப் பின்னால் 'எஸ் டி ஹெச்' இருக்கும். நான் இவ்வளவு பக்கம் எழுதியதை அந்தச் சின்ன எழுத்துகள் சொல்லிவிடுகின்றன.

கடைசியாக உங்கள் மெயில். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'குட் யூ ப்ளீஸ் ஸெண்ட் அஸ் யுவர் கமென்ட்ஸ் ஆன் த கலர்? ஐ ஆல்ஸோ ஹேவ் எ க்வெஸ்சன் அபௌட் த சைஸ் சார்ட். அவர் க்யூசி டோல்ட் மீ தட் த காலர் டஸ் நாட் மேட்ச் த சார்ட். ப்ளீஸ் செக் அண்ட் லெட் மீ நோ. ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ டுடே, ஸோ தட் வீ கேன் ஸ்டார்ட் த டையிங் ஆன் டைம்.'

சாயம் போடுவதை நான் ஊகமாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது உண்மையான அவசரமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பலமுறை மெயில் பரிமாறிக்கொண்ட பையர் என்றால் 'டியர் சார்' என்பதற்குப் பதிலாக அவர் பெயரையே போடலாம், அங்கே அது மரியாதைக் குறைவாகாது. போன வார மெயிலுக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம், அது அவருக்குச் சங்கடமாக இருக்கும். கலர் கமென்ட்ஸ் இன்னும் வரவில்லையென்றால் மேலே இருக்கும் முதல் வரியை மட்டும் இன்று அனுப்புங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில ஆசிரியர்